சிபில் 592, மூன்று கார்டும் ரிஜெக்ட்: இனி என்ன செய்வது?

கேள்வி: "சேலம் சிவதாபுரத்தில் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். 2021 ஊரடங்கில் வேலை நின்றுபோனதால் டிவிக்கும் ஃபிரிட்ஜுக்கும் வாங்கிய தவணைக் கடனைக் கட்ட முடியவில்லை. கடைசியில் அவர்கள் குறைத்துச் சொன்ன தொகையைக் கட்டி செட்டில்மென்ட் செய்துகொண்டேன். இப்போது சிபில் 592 காட்டுகிறது. போன மாதம் மூன்று பேங்கில் ஆன்லைனில் கிரெடிட் கார்டுக்கு அப்ளை செய்தேன், மூன்றும் ரிஜெக்ட். ஐந்து ரோடு பக்கம் ஒருவர், எட்டாயிரம் கொடுத்தால் ஸ்கோரை 750 ஆக்கித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா சார்?"

பதில்: கொடுக்காதீர்கள். சிபில் ஸ்கோர் என்பது நீங்கள் கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறீர்கள் என்று காட்டும் எண். இந்த மாதிரி ஸ்கோரைக் கணக்குப் போடுவது சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு நிறுவனங்கள். அவற்றுக்கு விவரம் அனுப்புவது நீங்கள் கடன் வாங்கிய இடம். நடுவில் இருக்கிற யாராலும் உள்ளே போய் அந்த எண்ணை மாற்ற முடியாது. மிஞ்சிப் போனால் உங்கள் பெயரில் ஒரு திருத்த மனு போடுவார், அதை நீங்களே பைசா செலவில்லாமல் போடலாம். எட்டாயிரம் போவதைவிட உங்கள் பான், ஆதார், ஓடிபி எல்லாம் அவர் கைக்குப் போவதுதான் எனக்குப் பெரிய கவலை.

அடுத்தது, இப்போதைக்கு வேறு எந்த பேங்கிலும் அப்ளை செய்யாதீர்கள். நீங்கள் அப்ளை செய்கிற ஒவ்வொரு முறையும் அந்த பேங்க் உங்கள் ரிப்போர்ட்டை, அதாவது உங்கள் கடன் விவரமெல்லாம் இருக்கிற அறிக்கையை, எடுத்துப் பார்க்கிறது, பார்த்ததும் ரிப்போர்ட்டின் கடைசிப் பகுதியில் ஒரு வரியாகப் பதிவாகிறது. ஒரே மாதத்தில் மூன்று வரி இருந்தால் நாலாவது பேங்க்காரர் "இவருக்கு ஏதோ பண முடை" என்றுதான் நினைப்பார். உங்கள் ஸ்கோரை நீங்களே பார்ப்பது இந்தக் கணக்கில் வராது, தைரியமாகப் பாருங்கள்.

பார்க்க வேண்டியது ஸ்கோரை மட்டும் இல்லை, முழு ரிப்போர்ட்டை. ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும், அவரவர் இணையதளத்திலேயே எடுக்கலாம். அதில் உங்கள் ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதவாரியாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். 000 என்றால் அந்த மாதம் ஒழுங்காகக் கட்டியிருக்கிறீர்கள், 30, 61, 92 என்று எண் இருந்தால் அத்தனை நாள் பாக்கி. உங்கள் 2021 கட்டங்களில் இந்த எண் வரிசையாக ஏறிக்கொண்டே போயிருக்கும், அதன் பக்கத்தில் 'செட்டில்டு' என்று இருக்கும். பேங்க் தயங்குவது இந்த வார்த்தைக்குத்தான். கொடுத்த பணம் முழுசாகத் திரும்பவில்லை என்பது அதற்கு அர்த்தம்.

இதை மாற்ற நேரான வழி ஒன்று உண்டு. கடன் கொடுத்த கம்பெனிக்கு எழுதி, அன்று தள்ளுபடி செய்த மீதி எவ்வளவு என்று கேளுங்கள். கட்ட முடிகிற தொகை என்றால் கட்டிவிட்டு, 'பாக்கி இல்லை' என்ற கடிதம் வாங்குங்கள், கணக்கை 'க்ளோஸ்டு' என்று மாற்றி அனுப்புவோம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். மாறிய பிறகும் பழைய தாமதக் கட்டங்கள் அப்படியேதான் இருக்கும், ஸ்கோர் ஒரே நாளில் குதிக்காது. ஆனால் கையால் ஃபைலைப் பார்க்கிற அதிகாரிக்கு இந்த ஒரு மாற்றம் பெரிய விஷயம்.

ரிப்போர்ட்டில் நீங்கள் வாங்காத கடனோ, கட்டி முடித்தும் திறந்தே கிடக்கிற கடனோ இருந்தால் அந்தத் தளத்திலேயே திருத்தம் கேளுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அப்புறம் இன்னொன்று, நம் ஊர்ப் பட்டறைக்காரர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது: பங்காளிக்கோ நண்பருக்கோ பேங்க் கடனில் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தக் கடனும் உங்கள் ரிப்போர்ட்டில் வரும். அவர் கட்டாவிட்டால் அடி உங்களுக்கும்தான். பழக்கத்துக்காகக் கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்துபோகிறவர்கள் நிறையப் பேர், அதையும் தேடிப் பாருங்கள்.

சரி, கார்டுக்கு வருவோம். இந்த ஸ்கோரில் உங்களுக்குத் திறந்திருக்கிற கதவு ஃபிக்சட் டெபாசிட்டை (எஃப்டி) வைத்துக் கொடுக்கும் கார்டு. எஃப்டி போட்டால் அதை ஈடாக வைத்து, பெரும்பாலும் அதில் 75 முதல் 90 சதவீதம் வரை லிமிட் தருவார்கள், சில பேங்கில் முழுத் தொகைக்கே தருகிறார்கள். 25,000 போட்டு 80 சதவீதம் என்றால் 20,000 லிமிட். பணம் பேங்கிடமே இருப்பதால் ஸ்கோரைப் பெரிதாகப் பார்ப்பதில்லை, வருமானச் சான்றும் பல இடங்களில் கேட்பதில்லை. கூலியும் வரவும் ரொக்கமாகவே ஓடுகிற தொழிலுக்கு இது எவ்வளவு உதவி என்று உங்களுக்கே தெரியும். எஃப்டிக்கு வட்டியும் வந்துகொண்டிருக்கும். ஆனால் கார்டு இருக்கிற வரை அந்தப் பணத்தை எடுக்க முடியாது, பில் கட்டாவிட்டால் அதிலிருந்தே பிடித்துக்கொள்வார்கள். அதனால் வெள்ளி வாங்க வைத்திருக்கிற பணத்தை இதில் போடாதீர்கள், ஒரு வருடம் தொடாமல் இருக்கக்கூடிய பணமாகப் பாருங்கள். கணக்கு இருக்கிற பேங்க் கிளைக்கே நேரில் போய், குறைந்தபட்ச டெபாசிட் எவ்வளவு, ஆண்டுக் கட்டணம் உண்டா என்று கேட்டுவிட்டு ஒரே ஒரு கார்டு மட்டும் எடுங்கள்.

கார்டு வந்ததும் கரன்ட் பில், போன் ரீசார்ஜ் மாதிரி எப்படியும் செய்கிற செலவை மட்டும் அதில் செய்யுங்கள். 20,000 லிமிட்டில் மாதம் 6,000 தாண்டாமல் இருந்தால் நல்லது. பில் வந்ததும் முழுத் தொகையையும் கட்டிவிட வேண்டும். 'மினிமம் டியூ' என்று சின்னத் தொகை ஒன்று காட்டும், அதை மட்டும் கட்டினால் தாமதக் கட்டணம்தான் தப்பும், மீதிக்கு வட்டி ஓடும், அது போதாதென்று புதிதாக வாங்குகிற பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி விழும். மாதம் மூன்றரை சதவீதம் என்று வைத்தால் 10,000 பாக்கிக்கு 350 ரூபாய் வட்டி, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 63 ரூபாய். வருடக் கணக்கில் 40 சதவீதத்துக்கு மேல் வருகிறது, நகைக்கடன் வட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கார்டைத் தேய்த்து ஏடிஎம்மில் பணம் எடுப்பதை மறந்தே விடுங்கள்.

இதுவரை கடனே வாங்காதவர்களின் நிலை வேறு. ஏற்காட்டில் காபியும் மிளகும் விற்று ரொக்கத்தில் வாழ்கிறவர்களில் பலருக்கு ஸ்கோர் இடத்தில் மைனஸ் 1 என்றோ என்ஹெச் என்றோ வரும். அது கெட்ட பெயர் இல்லை, வரலாறே இல்லை என்று அர்த்தம். அவர்களுக்கும் இதே எஃப்டி கார்டு நல்ல தொடக்கம், உங்களைவிடச் சீக்கிரம் ஸ்கோர் பிடிக்கும்.

ஒரு வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டிய பிறகு, சாதாரண கார்டுக்கு முதலில் அதே பேங்கில் கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். 2022 ரிசர்வ் வங்கி விதிப்படி, விண்ணப்பத்தை நிராகரித்தால் என்ன காரணத்துக்காக என்று குறிப்பாக எழுதித் தர வேண்டும். மூன்று பேங்கும் உங்களை நிராகரித்தபோது காரணம் என்று ஏதாவது மெயில் அனுப்பியிருந்தால் இன்றே தேடி எடுத்து ரிப்போர்ட்டோடு சேர்த்து வைத்துப் படியுங்கள், அனுப்பவே இல்லை என்றால் கேட்டு ஒரு மெயில் போடுங்கள்.