கேளுங்க அக்கா: ஆர்.சி. கோயில்ல உதவி கேட்டா கிறிஸ்தவ வேதத்துல சேரணுமா?

இந்த மாசம் வந்த கடுதாசியில பாதிக்கு மேல கோயில் சங்கம், சிஸ்டர் மடம், இல்லம்னு ஒரே விஷயத்தைச் சுத்தித்தான் இருக்கு. மீன் குழம்பு சந்தேகம் கேட்ட தங்கச்சிமாரெல்லாம் கோவிச்சுக்காதீங்க, உங்களுக்கு அடுத்த மாசம்.

கேள்வி: அக்கா, எங்களுக்கு களியக்காவிளை பக்கம். வீட்டுக்காரர் கேரளாவுல கொத்தனார் வேலைக்குப் போயிட்டிருந்தார், போன வருஷக் கடைசியில நெய்யாற்றின்கரை பக்கத்துல சாரத்துல இருந்து விழுந்து இறந்துட்டார். ரெண்டு பிள்ளைங்க. நான் அண்டி ஆபீஸுக்கு (முந்திரி ஆலை) வேலைக்குப் போறேன், அதுவும் எல்லா நாளும் வேலை இருக்காது. பக்கத்து வீட்டு அக்கா "ஆர்.சி. கோயில்ல வின்சென்ட் தே பவுல் சபை இருக்கு, போய்க் கேளு"ங்கிறாங்க. நாங்க இந்து. மாமியார் "அங்க போனா வேதத்துல சேத்துருவாங்க"ன்னு ஒரே சண்டை. பிள்ளைங்கள சிஸ்டர்மார் இல்லத்துல விட்டுடுன்னு வேற ஒருத்தர் சொல்றார். எனக்கு ஒண்ணும் ஓடல.

பதில்: மக்ளே, முதல்ல மாமியாரைத் திட்டாத. மகனைப் பறிகொடுத்தவங்க, பேரப்பிள்ளைங்களும் கையை விட்டுப் போயிடுமோன்னு பயப்படுறாங்க, அந்தப் பயம்தான் வேதம் கீதம்னு வெளிய வருது. அவங்களையும் கூட்டிட்டே போ. வின்சென்ட் தே பவுல் சபையில உதவி வாங்க ஞானஸ்நானச் சீட்டு தேவையில்ல, கஷ்டம் இருக்கா இல்லையாங்கிறதுதான் கேள்வி. அப்படி யாராவது ஒருத்தர் மதத்தைப் பத்தி இழுத்தா, நேரா அந்தக் கோயில் பொறுப்புல இருக்கிற பங்குத்தந்தைகிட்ட சொல்லு, அவருக்கே பிடிக்காது.

இந்தச் சபை ஆரம்பிச்ச கதையே நல்லாருக்கும். 1833ல பாரிஸ்ல ஃபிரெடெரிக் ஓசானாம்னு ஒரு காலேஜ் பையன், வயசு இருபதுதான். கூடப் படிக்கிறவன் ஒருத்தன் "உங்க திருச்சபை பழைய பெருமையெல்லாம் பேசுது, இப்ப ஏழைக்கு என்ன செய்யுது?"ன்னு குத்திக் கேட்டுட்டான். பையனுக்குச் சுருக்குன்னு பட்டுச்சு. நாலஞ்சு ஃபிரண்ட்ஸைச் சேத்துக்கிட்டு, ரோசலி ரென்டுன்னு ஒரு சிஸ்டர் வழிகாட்ட, ஏழைங்க வீட்டுக்கு நேர்ல போக ஆரம்பிச்சான். அதனாலதான் இன்னைக்கும் சபைக்காரங்க ரெண்டு ரெண்டு பேரா வீடு தேடி வருவாங்க, உன்னைக் கோயில் வாசல்ல வரிசையில நிக்க வைக்க மாட்டாங்க.

வந்தா என்ன நடக்கும்னு சொல்றேன், நான் கூடவே போயிருக்கேன். உக்காருவாங்க, தண்ணி குடுத்தா குடிப்பாங்க, கூரை ஒழுகுதா, ரேஷன் கார்டு யார் பேர்ல இருக்கு, வட்டிக்கு வாங்கியிருக்கியா, பிள்ளைக்கு ஸ்கூல்ல பாக்கி இருக்கான்னு பேச்சோட பேச்சா கேப்பாங்க. எழுதிக்கிட்டுப் போய் அந்த வாரக் கூட்டத்துல சொல்லுவாங்க. அந்தக் கூட்டத்துல எனக்கு ரொம்பப் பிடிச்சது கடைசியில சுத்தி வர்ற பை. ஒவ்வொருத்தரும் கையை மூடினபடியே பைக்குள்ள விட்டு எடுப்பாங்க, யார் எவ்வளவு போட்டாங்க, யார் வெறும் கையை விட்டாங்கன்னு பக்கத்துல இருக்கிறவருக்கே தெரியாது. மெம்பர்ல ரப்பர் பால் வெட்டுற ஆளும் இருப்பார், ரிட்டையர் ஆன சாரும் இருப்பார், அதான். அங்கயும் உன் பேரை மைக்ல சொல்ல மாட்டாங்க.

ஆனா ஒண்ணு, அவங்க குடுக்குற அரிசியும் மளிகையும் உன் கஷ்டத்துக்குப் போதாது, அவங்களே அப்படித்தான் சொல்லுவாங்க. நீ அவங்ககிட்ட கேக்க வேண்டிய பெரிய உதவி, கூட ஒரு ஆள். தாலுகா ஆபீஸுக்கும், ஈ-சேவைக்கும், கலெக்டர் ஆபீஸுக்கும் உன்கூட வந்து, "நாளைக்கு வா"ன்னு சொன்னா "எதுக்கு நாளைக்கு?"ன்னு திருப்பிக் கேக்குற ஒரு ஆள். பிஷப்போட மறைமாவட்ட சமூக சேவை சங்கத்துலயும் இதுக்குன்னு ஒர்க்கர்ஸ் இருப்பாங்க, பங்கு ஆபீஸ்ல கேட்டா யாரைப் பாக்கணும்னு சொல்லுவாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு விதவைப் பொண்ணு மனுவை ஒரு ஆபீஸ்ல மூணு தடவை தொலைச்சாங்க, நாலாவது தடவை சங்கத்து சிஸ்டர் கூடப் போய் ரசீது குடுத்தாத்தான் எழுந்திருப்பேன்னு உக்காந்துட்டாங்க, அன்னைக்கே சீல் விழுந்துச்சு.

உனக்கு வர வேண்டியது என்னென்னன்னு பாரு. ஆதரவற்ற விதவை பென்ஷன், தமிழ்நாட்டுல 2023ல மாசம் 1200 ஆக்குனாங்க. இறப்பு சர்டிபிகேட் கேரளாவுலதான் வாங்கணும், இறந்த இடத்துப் பஞ்சாயத்து இல்லன்னா முனிசிபாலிட்டியில. பேரு, அப்பா பேரு, ஆதார்ல இருக்கிற மாதிரியே எழுத்து எழுத்தா இருக்கான்னு அங்கயே பாத்துட்டு வா, மலையாளத்துல இனிஷியல் மாறி வந்து இங்க வாரிசு சர்டிபிகேட் கிடைக்காம அலையுறவங்க நம்ம பார்டர்ல எவ்வளவோ பேர். அவருக்கு இங்க கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய கார்டு இருந்துச்சான்னு பெட்டியெல்லாம் தேடிப் பாரு. கேரளாவுலயும் 2010ல இருந்து வெளிமாநிலத் தொழிலாளர் நலத் திட்டம் இருக்கு, அதுல சேந்திருந்தாரான்னும் கூட வேலை பாத்தவங்ககிட்ட கேளு.

அப்புறம் முக்கியமானது, வேலை நடக்கிற இடத்துல விழுந்து இறந்ததுக்கு நஷ்டஈடு. கான்ட்ராக்டர் இருபதாயிரம் குடுத்து வாய அடைச்சிருப்பான், அதோட முடிஞ்சு போச்சுன்னு நினைச்சுடாத. ரெண்டு வருஷத்துக்குள்ள மனு போடணும், நீ குடியிருக்கிற ஊர்லயே போடலாம், இதுக்காக நெய்யாற்றின்கரைக்கு அலைய வேண்டாம். வக்கீல் ஃபீஸுக்குப் பயப்படாத, பொம்பளைக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 15100க்கு போன் போடு. போலீஸ் எஃப்.ஐ.ஆர்., போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் காப்பி ரெண்டும் கையில இருக்கணும்.

பிள்ளைங்கள இல்லத்துல விடுறத பத்தி. அவசரப்படாத. இல்லம் நடத்துற நல்ல சிஸ்டர்மாரே இப்பெல்லாம் முதல்ல "வீட்டுல வச்சுப் பாக்க முடியாதா?"ன்னுதான் கேக்குறாங்க. மிஷன் வாத்சல்யான்னு ஒரு திட்டம் இருக்கு, அப்பா இல்லாத பிள்ளை அம்மாகூடவே இருந்து படிக்க மாசம் 4000, கிராமத்துல குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000க்குள்ள இருக்கணும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுல மனு குடுக்கணும், கமிட்டி பாத்து முடிவு பண்ணும், கேட்ட உடனே கிடைக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா அது கிடைச்சா பிள்ளைங்க உன் மடியிலயே இருக்கும், மாமியாரும் அடங்கிடுவாங்க.

கேள்வி: கல்யாணமாகி பதினோரு வருஷமா குழந்தை இல்ல. தெரிஞ்ச மடத்துல ஒரு குழந்தை இருக்காம், சிஸ்டர்கிட்ட பேசி நேரா வாங்கிக்கலாம்னு ஒருத்தர் சொல்றார். கொஞ்சம் செலவாகுமாம். (பளுகல் வாசகி)

பதில்: அந்த "கொஞ்சம் செலவு"ங்கிற வார்த்தையைக் கேட்ட உடனே போனை வச்சிருக்கணும் நீங்க. எந்த மடத்துல இருந்தும், எந்த ஆஸ்பத்திரியில இருந்தும் குழந்தைய நேரா வாங்கக் கூடாது, வாங்குனவங்க மேலயும் கேஸ் வரும். ஒரே வழி மத்திய அரசோட தத்தெடுப்பு அமைப்பான காரா வெப்சைட்ல ரெஜிஸ்டர் பண்றது, ரெண்டு பேர் பேன் கார்டும் வருமான சர்டிபிகேட்டும் மெடிக்கல் சர்டிபிகேட்டும் வேணும், அப்புறம் காத்திருப்பு, அது நீளம்தான், பொய் சொல்ல மாட்டேன். அன்னை தெரசா சிஸ்டர்ஸ்கூட 2015ல புது விதி வந்தப்ப தத்து குடுக்கிற வேலையே வேண்டாம்னு விட்டுட்டாங்க. அதனால எந்த மடத்துல நேரா குடுக்கிறாங்கன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க.

இதே கடுதாசியைப் படிக்கிற இன்னொருத்தி இருக்கலாம், வயித்துல பிள்ளையோட, வீட்டுல சொல்ல முடியாம. உனக்கும் சொல்றேன். எந்த சிஸ்டர்கிட்டயும் போய்ச் சொல்லலாம், அவங்க குழந்தைகள் நலக் குழுவுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. பிள்ளையை ஒப்படைக்கிறேன்னு எழுதிக் குடுத்த பிறகும் மனசு மாறுறதுக்கு 60 நாள் டைம் இருக்கு, உன் பேரு வெளிய வராது.

கேள்வி: அப்பாவுக்குத் தொண்டையில கேன்சர், திருவனந்தபுரம் ஆர்.சி.சி. கேன்சர் ஆஸ்பத்திரியில ரேடியேஷன் சொல்லியிருக்காங்க, ஒரு மாசத்துக்கு மேல தினமும் போகணும். மார்த்தாண்டத்துல இருந்து தினம் பஸ்ல கூட்டிட்டுப் போய் வந்தா ஆள் தாங்க மாட்டார். ரூம் வாடகைக்கு வசதி இல்ல.

பதில்: பணத்தைக் குடுத்து லாட்ஜ் போடுறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்குள்ளயே மெடிக்கல் சோஷியல் ஒர்க்கரைப் பாருங்க. டாக்டர்கிட்ட கேட்டா "எனக்குத் தெரியாது"ன்னுட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க, இந்த மாதிரி விஷயமெல்லாம் சோஷியல் ஒர்க்கர் கையிலதான் இருக்கு. ஆர்.சி.சி. இருக்கிற மெடிக்கல் காலேஜ் சுத்துவட்டாரத்துல நோயாளியும் கூட ஒருத்தரும் தங்கிச் சாப்பிடுற மாதிரி சிஸ்டர்மாரும் மத்த தர்ம அமைப்புகளும் வீடு வச்சிருக்காங்க, இடம் காலியா இருக்கான்னு அவங்க போன் போட்டே கேட்டுச் சொல்லுவாங்க. உங்க பங்குத்தந்தைகிட்டயோ பக்கத்துப் பங்குத்தந்தைகிட்டயோ ஒரு லெட்டர் வாங்கிட்டுப் போங்க. இந்து, முஸ்லிம்னாலும் லெட்டர் குடுப்பாங்க, "இன்ன ஊர், இன்ன குடும்பம், உண்மையிலயே கஷ்டம்" அவ்வளவுதான் அதுல இருக்கும். மத்தியானம் சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், மெடிக்கல் காலேஜ் வாசல்ல கம்யூனிஸ்ட் பையன்மார் வீடு வீடா வாங்கிட்டு வந்து பொதிச்சோறு குடுக்குறாங்க. இலையைப் பிரிச்சா உள்ள சம்மந்தித் துவையலும் ஒரு துண்டு மீனும் இருக்கும் சில நாள். ஒரே ரோட்டுல பாதிரியாரும் பார்ட்டிக்காரரும் போட்டி போட்டு சோறு போடுறத கேரளாவுலதான் பாக்க முடியும்.

கேன்சர் நோயாளிக்கும் கூடப் போற ஒருத்தருக்கும் ரயில் டிக்கெட்ல சலுகை இருக்கு, ஆர்.சி.சி.யில ஃபாரம் வாங்கி சீல் போட்டு ஸ்டேஷன்ல குடுக்கணும். குழித்துறையில ஏறினா பஸ் குலுக்கல் இல்லாம போய்ச் சேரலாம்.

அப்பா வீட்டுக்கு வந்த பிறகு வலி தாங்காம கிடந்தார்னா சும்மா பாத்துட்டு இருக்காதீங்க, வலிக்கு மருந்து இருக்கு. கேரளாவுல 2008லயே வலியைத் தணிக்கிற பாலியேட்டிவ் கேருக்குன்னு அரசு கொள்கை போட்டு, பஞ்சாயத்து நர்ஸ் வீட்டுக்கே வர்ற அளவுக்குக் கொண்டு வந்துட்டாங்க. நம்ம பக்கம் 2021ல வந்த மக்களைத் தேடி மருத்துவத்துல இது உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரு குடுங்க. சிஸ்டர்மார்ல நர்ஸ் இருந்தா புண்ணைச் சுத்தம் பண்றது, டியூப்ல கஞ்சி ஊத்துறது எல்லாம் உங்களுக்குச் சொல்லிக் குடுப்பாங்க, கூச்சப்படாம கூப்பிடுங்க.

கேள்வி: இந்தக் கோயில் சங்கத்துக்காரங்க செய்யுறதெல்லாம் பிச்சை போடுற வேலைதானே? ஏழையை ஏழையாவே வச்சிருக்கத்தான் இதெல்லாம். (குளச்சல் வாசகர்)

பதில்: குளச்சல்ல உக்காந்துட்டு இதக் கேக்குறீங்களே! முட்டம் உங்களுக்குப் பக்கம்தானே. பெல்ஜியத்துல இருந்து வந்த ஜேம்ஸ் தாம்பூர்னு ஒரு ஃபாதர் கோட்டாறு சமூக சேவை சங்கத்து மூலமா கடப்புறத்துல மீனவர் சங்கங்களைக் கட்டினதைப் பெரியவங்ககிட்ட கேளுங்க. அப்பெல்லாம் வலைக்கும் வள்ளத்துக்கும் கடன் குடுத்தவன்கிட்டதான் மீனை விக்கணும், விலையும் அவன் சொல்றதுதான், கடனும் தீராது. சங்கம் என்ன செஞ்சுதுன்னா கரையிலயே ஏலம் போட்டு, வித்த காசுல ஒரு பங்கு கடனுக்கு, ஒரு பங்கு சேமிப்புக்குன்னு பிடிச்சுது. பியர் ஜிலேன்னு இன்னொரு பெல்ஜியக்காரர், இன்ஜினியர், முட்டத்துல பிளைவுட் வள்ளம் கட்டினார், மரம் விலை ஏறி கட்டுமரத்துக்கே தடி கிடைக்காத நேரம் அது.

உங்க கேள்வி முழுக்கத் தப்புன்னும் சொல்ல மாட்டேன். பொட்டலம் குடுத்து போட்டோ எடுக்கிற ஆளுங்க எல்லா மதத்துலயும் இருக்காங்க, எனக்கும் பாத்தா எரியும். 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் அடிச்சப்ப வண்டி வண்டியா வந்து பழைய துணியைக் கொட்டிட்டுப் போனாங்க. தூத்தூர், வள்ளவிளை பக்கம் ஜனங்களுக்கு அன்னைக்கு வேண்டியது துணி இல்ல, ஆழ்கடலுக்குப் போனவன் எங்கங்கிற பதில். எந்த வீட்டுல இருந்து எந்த போட்ல யார் போனான்னு ஒவ்வொரு கோயில் பங்குலயும் எழுதி கணக்கு வச்சிருந்தாங்களே, அதைத்தான் நான் சேவைன்னு சொல்லுவேன்.

கேள்வி: துபாய்ல இருக்கேன், ஊர் கொல்லங்கோடு. சங்கத்துக்குப் பணம் அனுப்பணும். ஃபாரின் பணம்னா பிரச்சனை வருமா? ரசீது குடுப்பாங்களா?

பதில்: உங்க கையில இந்திய பாஸ்போர்ட் இருந்து, உங்க சொந்தச் சம்பாத்தியத்தை பேங்க் வழியா அனுப்புனா அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்குல வராது. அங்க கூட வேலை பாக்குற வேற நாட்டுக்காரர்கிட்ட வாங்கிச் சேத்து அனுப்பிடாதீங்க, அதுக்கு சங்கத்துக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துல (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவும் டெல்லி ஸ்டேட் பேங்க்ல தனி அக்கவுண்டும் வேணும். ஊர்ல வரி கட்டுறீங்கன்னா வருமான வரிக் கழிவுக்கான 80ஜி ரசீது கேளுங்க, 2000க்கு மேல ரொக்கமா குடுத்தா அந்தக் கழிவு கிடைக்காது. தம்பி, ஒரு யோசனை: கட்டடத்துக்குப் பேரு போட்டுக் குடுக்கிறதுக்கு ஆள் வரிசையில நிக்குது, சங்கத்துல ஆபீஸ் ஆபீஸா அலையுற ஒர்க்கருக்குச் சம்பளம் குடுக்கத்தான் யாரும் இல்ல. அதுக்குன்னு சொல்லி அனுப்புங்க, அவங்க பஸ் சார்ஜையும் சேத்து.