மழைக்காலத்தில் ஏறும் பிரஷரும் கோடையில் போட்ட வற்றலும்

கேள்வி: எனக்கு 58 வயது. மயிலாடுதுறை பக்கம் கிராமம். நான்கு வருடங்களாகப் பிரஷருக்கு டெல்மிசார்டான் மாத்திரை காலையில் ஒன்று சாப்பிடுகிறேன். சித்திரை, வைகாசியில் 130/80-ஐ ஒட்டி இருந்தது. ஐப்பசி பிறந்ததும் 150/90-க்கு மேல் காட்டுகிறது. போன வருடமும் இப்படித்தான். கோடையில் நான் போட்டு வைத்த வற்றல், வடாம், மோர் மிளகாய், மாவடுதான் காரணம், அடுத்த வருடம் எதுவும் போடாதீர்கள் என்கிறாள் மருமகள். அவள் சொல்வது சரியா? இந்துப்பு சேர்த்துச் செய்தால் பரவாயில்லையா?

பதில்: அம்மா, உங்கள் மருமகள் அக்கறையோடு சொல்கிறார், அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் வற்றல் போடுவதையே விட்டுவிட வேண்டிய அவசியம் இல்லை.

முதலில் பருவத்தைப் பார்ப்போம். வெயில் காலத்தில் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும், வேர்வையோடு கொஞ்சம் உப்பும் வெளியேறும், பிரஷர் சற்று இறங்கும். குளிர்ச்சி வந்ததும் குழாய்கள் சுருங்கும், பிரஷர் சற்று ஏறும். இது எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஆனால் 130-இல் இருந்தது 150-ஐத் தாண்டுவதற்கு வானிலை மட்டும் போதாது. மழையில் வாசலைத் தாண்டி நடக்க முடிவதில்லை. காய்கறி விலை ஏறிவிடும். கறி, கூட்டு குறைந்து, ரசம் சாதத்துக்கு வடாம், கஞ்சிக்கு மாவடு, தயிர் சாதத்துக்கு மோர் மிளகாய் என்று சாப்பாடு நகர்ந்துவிடுகிறது. கோடையில் ஜாடியில் சேர்த்த உப்பைத்தான் ஐப்பசி, கார்த்திகையில் சாப்பிடுகிறோம்.

ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தலை தட்டிய ஒரு டீஸ்பூனுக்கும் கொஞ்சம் குறைவு. சாம்பார், ரசம், பொரியல், இட்லி மாவு எல்லாம் இந்தக் கணக்குக்குள்தான் வர வேண்டும். உங்கள் வீட்டு நிலவரம் தெரிய, ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் அதன் மேல் தேதி எழுதி வையுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் அது ஒரு மாதத்தில் தீர்ந்தால், ஆளுக்குத் தினம் 8 கிராமுக்கு மேல் போகிறது. ஊறுகாய்க்கும் வற்றலுக்கும் போட்ட கல் உப்பு அதற்கு மேல் தனி.

இனி சமையலுக்கு வருகிறேன், ஏனென்றால் மாற்ற வேண்டியது அங்கேதான். வடாம் கூழை வாயில் வைத்துப் பார்த்து உப்பு சரியாக இருக்கிறது என்றால், உண்மையில் அது அதிகம். காயும்போது தண்ணீர் போய்விடும், போட்ட உப்பு அத்தனையும் அந்தச் சிறிய வில்லைக்குள் நிற்கும். கூழில் உப்பு குறைவு என்று நாக்கு சொல்ல வேண்டும், அப்போதுதான் பொரித்தால் அளவாக இருக்கும். கைப்பக்குவம் உள்ளவர்களுக்கு இது தெரிந்ததுதான். அதிலும் இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். மொறுமொறுப்புக்கு ஒன்றும் ஆகாது, நன்றாகக் காய்ந்திருந்தால் கெடவும் கெடாது. கொத்தவரங்காய், கத்தரிக்காய் வற்றலுக்கும் இதே கதைதான். போட்டு முடித்தவற்றை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வற்றல் குழம்பில் போட்டால் கொஞ்சம் உப்பு கழியும். குழம்புக்கு உப்பைக் கடைசியில் ருசி பார்த்துச் சேருங்கள்.

மோர் மிளகாய்தான் எனக்குக் கவலை. பகலில் காயவைத்து, சாயங்காலம் திரும்ப உப்பு மோரிலேயே போட்டு, மோர் வற்றும் வரை ஊறவைக்கிறோம். ஒவ்வொரு மிளகாயும் அவ்வளவு உப்பைக் குடித்திருக்கும். வறுத்தால் காரம் தணியும், உப்பு தணியாது. தினமும் வேண்டாம், வாரத்துக்கு ஒரு நாள் ஒன்று போதும். அப்பளமும் அப்படித்தான், அதில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, உப்பில் பிரஷரை ஏற்றும் அதே சோடியம் அதிலும் இருக்கிறது.

மாவடுவிலும் ஆவக்காயிலும் மட்டும் உப்பைக் குறைத்துப் போட முயலாதீர்கள். அங்கே உப்புதான் பூஞ்சை பிடிக்காமல் காக்கிறது. போடும் அளவைக் குறைத்து, சின்ன ஜாடியாகப் போடுங்கள். மாவடுவைத் தண்ணீரில் அலசி, ஒன்றே ஒன்று தட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஊறுகாய் இல்லாமல் தயிர் சாதம் இறங்காது என்றால், மாங்காய் இஞ்சியைப் பொடியாக நறுக்கி எலுமிச்சை பிழிந்து அன்றன்றைக்குச் செய்துகொள்ளலாம். புளிப்பும் மணமும் இருந்தால் உப்பு குறைந்தது பெரிதாகத் தெரியாது. முதல் சில வாரங்கள் சப்பென்றுதான் இருக்கும், அப்புறம் நாக்கு பழகிவிடும்.

இந்துப்பு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், பிரஷருக்கு அதனால் எந்த லாபமும் இல்லை. தினசரி சமையலுக்கு அயோடின் சேர்த்த உப்பே நல்லது. கடையில் சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். நீங்கள் சாப்பிடும் டெல்மிசார்டானும் ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியது. சிறுநீரகப் பரிசோதனை செய்து, உங்கள் மருத்துவர் சரி என்று சொல்லாமல் அதை வாங்காதீர்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. மழை பிடித்ததும் முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போடுகிறீர்களா? டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை உடலில் உப்பையும் நீரையும் தங்கவைத்து பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். மூக்கடைப்புக்குத் தரும் சில சளி மாத்திரைகளும் பிரஷரை ஏற்றுபவைதான். வற்றல் டப்பாவைக் குறை சொல்வதற்கு முன்னால் மாத்திரை டப்பாவையும் மருமகளோடு உட்கார்ந்து ஒரு தடவை பாருங்கள்.

அடுத்து ஒரு வாரம், காலையில் மாத்திரைக்கு முன்னும் இரவு சாப்பாட்டுக்கு முன்னும் பிரஷர் பாருங்கள். காபி குடித்த உடனே வேண்டாம். முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை மேஜை மேல் நெஞ்சு உயரத்தில் வைத்துப் பார்த்து எழுதி வையுங்கள். வீட்டில் பார்க்கும்போது சராசரி 135/85-ஐத் தாண்டினால் அந்தத் தாளோடு மருத்துவரிடம் போங்கள். மாத்திரையின் அளவை அவர்தான் மாற்ற வேண்டும், நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். 180/120-க்கு மேல் காட்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், கை கால் பலமின்மை எது இருந்தாலும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.