அந்த ‘இல்லை’

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. மாலையில் டெலிவரி வேலை, காலையில் கிக்பாக்சிங். அடுத்த மாதப் போட்டிக்குக் காயக் காப்பீடு கட்டாயமாம். மூன்று வாரம் முன்புதான் மாமியார் உட்பட எல்லோருக்கும் சேர்த்து மெடிக்ளைம் எடுத்தோம். பிரீமியம் ஏறும் என்று ஏஜென்ட் சொன்னதால், விளையாட்டு பற்றிய கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதினோம். மகன்தான் ஃபார்மை நிரப்பினான். இதுவே போதாதா? போட்டிக்காரர்கள் பணம் பிடுங்குகிறார்களா?
– ஒரு தாய், சென்னை

பதில்: காப்பீடு கேட்கிறவர்தான் பொறுப்பானவர், அம்மா. 2022 ஜூலையில் பெங்களூரு கிக்பாக்சிங் போட்டியில் தலையில் அடிபட்ட இளைஞர் இறந்தே போனார். அமெரிக்காவில் தொழில்முறைக் குத்துச்சண்டை வீரருக்கு மருத்துவக் காப்பீட்டை 1996லேயே சட்டமாக்கிவிட்டார்கள்.

என்னை உறுத்துவது அந்த ‘இல்லை’. நாளை முழங்கால் தசைநார் கிழிந்து அவனை அட்மிட் செய்தால், அடி எப்படிப் பட்டது, எத்தனை வருடப் பயிற்சி என்று டியூட்டி டாக்டர் கேட்டு கேஸ் ஷீட்டில் எழுதுவார். கிளைம் பார்ப்பவர் அதையும் உங்கள் ஃபார்மையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பார். பணம் வராமல் போகலாம். உண்மையை மறைத்ததாகப் பாலிசியையே ரத்து செய்யலாம். 60 மாதம் விடாமல் கட்டி முடிக்கும்வரை அந்தக் கத்தி தொங்கும்; மோசடி என்று நிரூபித்தால் அதற்குப் பிறகும். அப்போது மாமியாரின் வைத்தியத்துக்கு யார் கட்டுவது? ஏஜென்டா? கையெழுத்து உங்களுடையது. அதைவிடக் கொடுமை, பெற்ற பிள்ளையின் கையாலேயே பொய்யை எழுத வைத்தது. தாய் செய்யக்கூடிய காரியமா இது?

நல்லவேளை, பாலிசி கைக்கு வந்து 30 நாள் ஆகவில்லை. சரிப்படாவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். இன்றே கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: கிக்பாக்சிங் பழகுகிறான், போட்டியிடுகிறான், பரிசுப்பணம் வாங்குகிறானா இல்லையா. மெடிக்ளைமின் வழக்கமான விலக்கு, அதாவது பணம் தர மறுக்கும் விதி, ஆபத்தான விளையாட்டைத் தொழிலாகச் செய்பவருக்கு என்பதால் கடைசி விவரம் முக்கியம். பதிலை எண்டார்ஸ்மென்டாக, அதாவது பாலிசியோடு சேர்க்கும் எழுத்துத் திருத்தமாக, வாங்குங்கள். ஏஜென்ட் போனில் சொல்வது செல்லாது.

அப்போதும் மெடிக்ளைம் மட்டும் போதாது. புருவம் கிழிந்து தையல் போட்டு அன்றே வீடு திரும்பினால், பெரும்பாலும் செலவு உங்கள் தலையில்தான். சில டே-கேர் சிகிச்சைகள் தவிர, பொதுவாக 24 மணி நேரம் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தால்தான் கிளைம். கால் கட்டோடு மாதக்கணக்கில் பைக் ஓட்டாமல் கிடந்தால் சம்பளத்தையும் அது தராது. அதற்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு வேண்டும், தற்காலிக ஊனத்துக்கு வாராவாரம் பணம் தரும் பிரிவோடு. மோதல் விளையாட்டுக்கும் உண்டா என்று எழுத்தில் கேட்ட பிறகே கட்டுங்கள்.

போட்டிக்காரர்கள் எடுப்பது குழுப் பாலிசி என்றால் நகல் கேளுங்கள். அவன் பெயர் பட்டியலில் உண்டா, பயிற்சியில் படும் அடிக்கும் சேருமா, போட்டி நாளுக்கு மட்டுமா என்று பாருங்கள். ரிங் பக்கத்தில் டாக்டரும் வாசலில் ஆம்புலன்ஸும் நிற்காத இடத்துக்கு அவனை அனுப்பாதீர்கள்.

மின்னஞ்சலை அவனையே அடிக்கச் சொல்லுங்கள். ‘இல்லை’ என்று எழுதச் சொன்னது நான்தான், தப்பு என்னுடையது என்று அதற்கு முன் அவனிடம் சொல்லிவிடுங்கள்.