வளைவில் மட்டும் ஷார்ட் ஆகும் எஞ்சின்: டிகோடரைக் கழற்றுமுன் டெண்டரைப் பாருங்கள்

கேள்வி: செகண்ட் ஹேண்டில் வாங்கிய எச்ஓ அளவு (1:87) மாடல் ரயில் நீராவி எஞ்சின். எஞ்சின், பின்னால் வரும் டெண்டர் (நிலக்கரி, தண்ணீர் வண்டி) இரண்டுமே உலோகம். டிசிசி டிகோடரை (தண்டவாளம் வழியே வரும் டிஜிட்டல் கட்டளையைப் படித்து மோட்டாரை ஓட்டும் சின்ன போர்டு) நானே பொருத்தினேன். நேர்ப்பாதையில் அருமையாக ஓடுகிறது. வளைவில் ஏறினால் கன்ட்ரோலர் ஷார்ட் காட்டி நின்றுவிடுகிறது. ரிவர்ஸில் இன்னும் மோசம். டிகோடர் போய்விட்டதா? புதிதாக வாங்கட்டுமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். செத்த டிகோடருக்கு நேர்ப்பாதை, வளைவு என்ற வித்தியாசமெல்லாம் தெரியாது. வளைவில் மட்டும் ஷார்ட் என்றால், வளைவில் எது இடம் மாறுகிறதோ அங்கேதான் கோளாறு. ரிவர்ஸில் மோசம் என்று ஒரு வரி சேர்த்தீர்களே, அதுதான் எனக்குப் பெரிய துப்பு.

பழைய உலோக நீராவி எஞ்சின்களில் பெரும்பாலும் ஏற்பாடு இப்படித்தான் இருக்கும்: எஞ்சினின் சக்கரங்கள் ஒரு பக்கத் தண்டவாளத்திலிருந்து கரண்ட் எடுக்கும், டெண்டர் மறுபக்கத்திலிருந்து எடுக்கும். ஆகவே எஞ்சினின் உடம்பு முழுக்க ஒரு துருவம், டெண்டரின் உடம்பு முழுக்க இன்னொரு துருவம். இரண்டையும் சேர்க்கும் டிராபாரின் ஒரு முனையில் சின்ன ஃபைபர் வாஷர் இருக்கும். நடுவில் இன்சுலேஷன் என்று இருப்பது அதுவும் இரண்டு மில்லிமீட்டர் காற்றும்தான். வளைவில் டெண்டரின் ஒரு மூலை எஞ்சினின் டிரைவர் கேபினை நோக்கி நெருங்கும். ரிவர்ஸில் டிராபாரின் லூசு ஒடுங்கி இன்னும் நெருங்கும். கேபின் தரைத்தகடு டெண்டரின் முன்விளிம்பை ஒரு கணம் உரசினால் போதும், சர்க்யூட் முடிந்தது. அந்தக் கரண்ட் தண்டவாளம், எஞ்சின் உடம்பு, டெண்டர் உடம்பு, மறுதண்டவாளம் என்று போய்விடுகிறது, டிகோடர் பக்கமே எட்டிப்பார்ப்பதில்லை. அதனால்தான் உங்கள் டிகோடர் பிழைத்திருக்கும் என்கிறேன்.

சோதிக்குமுன் ஒரு காவல் வேண்டும். டிராக்குக்குக் கரண்ட் கொடுக்கும் பூஸ்டர் 15 வோல்ட்டில் 5 ஆம்பியர் தருவது என்றால் 75 வாட். அத்தனையும் ஊசிமுனை அளவு இடத்தில் இறங்கினால் பிளாஸ்டிக் உருகும், சன்ன வயர் கருகும். ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் 12 வோல்ட் 21 வாட் கார் இண்டிகேட்டர் பல்ப் வாங்கி, டிராக்குக்குப் போகும் இரண்டு வயரில் ஒன்றில் சீரிஸாகப் போடுங்கள். எல்இடி வேண்டாம், பழைய இழை பல்ப்தான் வேண்டும். எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் லாம்ப் தத்துவமேதான், ஆனால் அவர்களுடைய 230 வோல்ட் லாம்பை இங்கே கொண்டுவராதீர்கள். எஞ்சின் ஒழுங்காக ஓடும்போது பல்ப் அநேகமாக எரியாது. ஷார்ட் ஆனால் பளிச்சென்று எரியும், கரண்ட் 2 ஆம்பியருக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். கன்ட்ரோலரும் உடனே கட் ஆகாது, நிதானமாகத் தேடலாம்.

இனி எஞ்சினை உங்களிடமுள்ள மிக இறுக்கமான வளைவில் நிறுத்தி, டெண்டரை விரலால் மெல்ல எஞ்சின் பக்கம் தள்ளுங்கள். பல்ப் எரிந்தால், விரலை எடுக்காமல் அறை விளக்கை அணைத்துப் பாருங்கள், பொறி தெரியலாம். தெரியாவிட்டால் கேபினின் அடியை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பெயின்ட் உரிந்து, மிளகு முனையளவு கரும்புள்ளி இருக்கும். அங்கே சூடு தாங்கும் கேப்டன் (Kapton) டேப் ஒரு துண்டு ஒட்டுங்கள். கறுப்பு இன்சுலேஷன் டேப் வேண்டாம், சூட்டில் பசை இளகி வழிந்து அசிங்கம் பண்ணும். டிராபாரில் இரண்டு துளை இருந்தால் தள்ளியிருக்கும் துளைக்கு மாற்றுங்கள், அழகு கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

டெண்டரைத் தள்ளியும் பல்ப் எரியவில்லையா? அடுத்த சந்தேகம் எஞ்சினின் முன்னால் இருக்கும் சிறுசக்கரங்கள் மேல். வளைவில் அவை திரும்பி சிலிண்டரின் பின்புறத்தையோ ஃபிரேமையோ தொடும். அந்தச் சிறுசக்கர வண்டியை மட்டும் கழற்றிவிட்டு ஓட்டிப்பாருங்கள், ஒரு ஸ்க்ரூதான். எஞ்சினுக்கும் டெண்டருக்கும் நடுவே போகும் வயர்களில் தோல் உரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வைத்த உடனே ஷார்ட் ஆகியிருந்தால் கதை வேறு. டெண்டரில் யாராவது சக்கரத்தைக் கழற்றி ஓர் அச்சை மட்டும் திருப்பி மாட்டியிருப்பார்கள். அச்சுக்கு ஒன்றாக இன்சுலேட் செய்த சக்கரங்கள் எல்லாம் ஒரே பக்கம் வரவேண்டும். (டெண்டரின் எல்லா அச்சுகளையும் திருப்பி மாட்டினால் ஷார்ட்டும் ஆகாது, எஞ்சினும் நகராது. அந்த முட்டாள்தனத்தை நான் செய்து ஒரு மாலை முழுக்க மோட்டாரைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.)

நீங்களே டிகோடர் பொருத்தியதால் இதையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். டிகோடரின் இணைப்பைப் பிரித்து, மோட்டாருக்குப் போகும் ஆரஞ்சு, சாம்பல் வயர் ஒவ்வொன்றுக்கும் எல்லாச் சக்கரங்களுக்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். எதிலும் தொடர்பு இருக்கக்கூடாது. பழைய மோட்டார்களில் ஒரு பிரஷ் (சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் தொடுமுனை) ஃபிரேமோடு ஒட்டியே இருக்கும். அதைப் பிரிக்காமல் விட்டிருந்தால் டிகோடர் உண்மையிலேயே போகும். அளக்கும்போது பீப் சத்தத்தை நம்பாதீர்கள். பல மீட்டர்கள் முப்பது, நாற்பது ஓமுக்கும் பீப் அடிக்கும், நல்ல மோட்டாரே அதற்குள் வந்துவிடலாம். 200 ஓம் ரேஞ்சில் வைத்து எண்ணைப் படியுங்கள். ஒன்றுக்கும் கீழே என்றால் அந்த வயரே ஃபிரேமைத் தொடுகிறது, சில பத்து ஓம் என்றால் மற்ற வயர் தொடுவது மோட்டார் வழியாகத் தெரிகிறது.

கோளாறு சரியானதும் பல்பை எடுத்துவிட்டு, லேஅவுட்டின் கடைக்கோடியில் ஒரு ரூபாய் நாணயத்தைத் தண்டவாளங்களுக்குக் குறுக்கே வையுங்கள். கன்ட்ரோலர் உடனே கட் ஆகவேண்டும். ஆகாத இடத்தில் இன்னும் தடிமனான வயர் இழுத்துவிட்டு, அதற்குப் பிறகு எஞ்சினை ஓட்டுங்கள்.