கால்பந்து நிர்வாகமா, கார் பந்தயமா?

உங்களுக்குக் கால்பந்து நிர்வாகம், தம்பிக்குக் கார் பந்தயம்; பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து இரண்டுக்கும் வழி எப்படி என்று கேட்கிறீர்கள்.

தம்பிக்குத்தான் அவசரம். கார்ட்டிங்கை, அதாவது சின்னஞ்சிறு பந்தய வண்டி ஓட்டுவதை, சிறு வயதிலேயே தொடங்க வேண்டும். டயர், எஞ்சின், மெக்கானிக் எல்லாம் ஸ்பான்சர் கிடைக்கும்வரை வீட்டுச் செலவுதான். பந்தயக் களம் கோவை செட்டிபாளையத்திலேயே இருக்கிறது, சரி. ஆனால் திறமை இருந்தாலும் இடம் நிலைக்காது. கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா 1 ஓட்டினார். மறுபடி அங்கே பந்தயத்தில் இறங்க 2011 ஆகிவிட்டது. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் அது.

நிர்வாகத்துக்கு முப்பது வயதிலும் வரலாம். கிளப், மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கம் என மெதுவாக ஏறும் பாதை. அங்கே ஆபத்து தேர்தலும் வழக்கும். வெளியார் தலையீட்டால் 2022 ஆகஸ்டில் இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தையே உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா இடைநீக்கம் செய்தது. முதலில் உள்ளூர் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) போட்டிக்குக் கணக்கு எழுதிப் பாருங்கள்.