அக்காகிட்ட கேளுங்க: நேஷனல் டிரஸ்ட் கார்டு எடுக்கலாமா, வேணாமா?

போன இதழ்ல லீவு நாள்ல குடும்பத்தோட எங்க போலாம்னு எழுதினப்போ, பிரிட்டன்ல பழைய மாளிகை, தோட்டம், கடற்கரை எல்லாம் பாத்துக்கற நேஷனல் டிரஸ்ட் பேரு நாலஞ்சு தடவ வந்துருச்சு, அவ்ளோதான், இன்பாக்ஸ் நிறைஞ்சு வழியுது. பிரிட்டன்ல இருக்கற நம்ம ஆளுங்க கேட்டது பாதி, ஊர்லேர்ந்து பிள்ளைங்களப் பாக்க வர்றவங்க கேட்டது மீதி. ஒரே மாதிரி கேள்விய எல்லாம் ஒண்ணா சேத்துட்டேன், உங்க பேரு வரலன்னு கோச்சுக்காதீங்க.

ஹவுன்ஸ்லோ வாசகி: அக்கா, எங்களுக்கு ரெண்டு பசங்க, ஆறு வயசு ஒண்ணு, மூணு வயசு ஒண்ணு. டிரஸ்ட்டோட ஆஸ்டர்லி பார்க் போனப்போ மெம்பர் ஆகுங்க, டைரக்ட் டெபிட் போடுங்கன்னாங்க. எடுத்தா லாபமா? இது கவர்ன்மென்ட்டா பிரைவேட்டான்னே எங்க வீட்டுக்காரருக்கு டவுட்டு.

ரெண்டும் இல்லம்மா, சாரிட்டி. 1895ல ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹண்டர், ஹார்ட்விக் ரான்ஸ்லின்னு மூணு பேர் ஆரம்பிச்சது. ஆக்டேவியா ஹில் லண்டன் ஏழை ஜனங்களுக்கு ஒழுங்கான வீடு வேணும்னு வாழ்நாள் பூரா அலைஞ்சவங்க, அந்த ஜனங்களுக்கு காத்து வாங்க ஒரு பச்சை இடமாவது வேணும்ங்கறதுதான் அவங்க கவலை. அதனால மாளிகையக் காட்டி டிக்கெட் விக்கறதுக்குன்னு ஆரம்பிச்ச கம்பெனின்னு நினைச்சுக்காதீங்க, முதல்ல கைக்கு வந்ததே வேல்ஸ்ல கடலைப் பாத்த ஒரு மலைச்சரிவுதான், முதல் கட்டடம் சசெக்ஸ்ல ஆல்ஃப்ரிஸ்டன்ங்கற ஊர்ல கூரை வேய்ஞ்ச ஒரு பழைய வீடு, 1896ல பத்து பவுண்டுக்கு வாங்கினாங்க. பெரிய பெரிய அரண்மனை எல்லாம் பின்னாடி வந்தது, ஜமீன்தார் குடும்பங்க வாரிசு வரி கட்ட முடியாம திணறினப்போ டிரஸ்ட் கையில குடுத்துட்டு சில பேர் அதே வீட்டுல ஒரு மூலையில குடியும் இருந்துக்கிட்டாங்க, நல்ல ஏற்பாடு!

இப்போ கணக்கு. முதல் கேள்வி, வீட்டுல கார் இருக்கா? கார் இருந்து மாசத்துக்கு ஒரு தடவையாவது கடற்கரை, மலைன்னு கிளம்பற ஆளுங்கன்னா கண்ணை மூடிட்டு எடுங்க, ஏன்னா அவங்க கார் பார்க்கிங்ல மெம்பர் கார்டை ஸ்கேன் பண்ணா காசு கிடையாது, வருஷக் கடைசியில கூட்டிப் பாத்தா பார்க்கிங்லயே பெரும்பகுதி திரும்பி வந்துரும். கார் இல்ல, ட்யூப்ல போற ஆளுங்கன்னா யோசிங்க. ஆஸ்டர்லியில பார்க்குக்குள்ள நடக்க காசே இல்ல, அங்க இருக்கற மாளிகைக்கும் அதோட தோட்டத்துக்கும்தான் டிக்கெட். மார்டன் ஹால் பார்க்கும் அப்படித்தான், ட்யூப் ஸ்டேஷன்ல இறங்கி நடந்தே போயிரலாம், வாண்டில் ஆறு உள்ளயே ஓடுது, பசங்க கால நனைச்சுட்டு வரட்டும். அஞ்சு வயசுக்கு கீழ எங்கயும் டிக்கெட் கிடையாது, அதனால சின்னவனுக்கு செலவே இல்ல.

இன்னொண்ணு, கவுன்ட்டர்ல கிஃப்ட் எய்டு விலை, சாதா விலைன்னு ரெண்டு இருக்கும். கிஃப்ட் எய்டு விலையில கொஞ்சம் நன்கொடையும் சேந்திருக்கும், அது உங்க இஷ்டம், சாதா விலையே போதும்னு வாய் விட்டு கேக்கலாம், யாரும் முறைக்க மாட்டாங்க. ஆனா நீங்க இங்க வரி கட்டறவங்கன்னா மெம்பர்ஷிப்ல கிஃப்ட் எய்டு கட்டத்த மட்டும் டிக் பண்ணிருங்க, நீங்க குடுக்கற ஒவ்வொரு பவுண்டுக்கும் கவர்ன்மென்ட் இன்னொரு 25 பென்ஸ் அவங்களுக்கு குடுக்கும், உங்க பாக்கெட்லேர்ந்து ஒண்ணும் போகாது.

ஊர்லேர்ந்து மாமியார் மாமனார் வந்தா உங்க கார்டக் காட்டி அவங்கள உள்ள கூட்டிட்டுப் போக முடியாது, தனி டிக்கெட்தான். முன்கூட்டியே சொல்லிட்டேன், கேட் வாசல்ல நின்னு சண்டை போடாதீங்க.

ரெடிங் வாசகர்: இந்த கார்டு வெச்சு ஸ்டோன்ஹெஞ்ச் போலாமா? எடின்பரோ கோட்டை?

ஸ்டோன்ஹெஞ்ச் கல்லைப் பாத்துக்கறது இங்கிலீஷ் ஹெரிட்டேஜ், அது வேற ஆளு. ஆனா சுத்தி இருக்கற நிலம் டிரஸ்ட்டோடது, அதனால டிரஸ்ட் கார்டுக்கு அங்க இலவசம். ஸ்காட்லாந்துல 1931லேர்ந்து தனி டிரஸ்ட் இருக்கு, அவங்க இடத்துலயும் உங்க கார்டு செல்லும். எடின்பரோ கோட்டை அந்த ரெண்டு டிரஸ்ட்டோடதும் இல்ல, அங்க செல்லாது, க்யூவுல நின்னு நேரத்த வீணாக்காதீங்க.

ஈஸ்ட்ஹாம் வாசகி: அக்கா, போன கிழமை பிள்ளையளோட ஒரு பெரிய மாளிகை பாக்கப் போனனாங்கள். உள்ளுக்க ஒரே இருட்டு, யன்னலெல்லாம் மூடிக் கிடக்கு. கதிரையில இருப்பம் எண்டு பாத்தா அதுக்கு மேல காஞ்ச முள்ளுக்காய் ஒண்டை வச்சிருக்கினம். ஒவ்வொரு அறையிலயும் வயசுபோன ஆள் ஒராள் இருந்து எங்களையே பாத்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் களவெடுப்பம் எண்டு நினைக்கினமோ?

சத்தம் போட்டு சிரிச்சுட்டேன் தங்கச்சி, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த முள்ளுக்காய்தான் அங்க "உக்காராதீங்க" போர்டு. நூறு நாற்காலி மேலயும் அட்டை எழுதி வெச்சா ரூம் பாக்கவே சகிக்காதுல்ல, அதனால தோட்டத்துல காஞ்ச முள்ளுப்பூ, பைன் காய் இதுல ஏதாவது ஒண்ண பட்டுக் குஷன் மேல வெச்சுருவாங்க, யாரும் உக்கார மாட்டாங்க, பாக்கவும் அழகா இருக்கும். முள்ளு இல்லாத நாற்காலியும் சில ரூம்ல இருக்கும், அது நம்ம மாதிரி கால் வலிக்கற ஜனத்துக்குத்தான், எதுன்னு தெரியலன்னா கேளுங்க.

இருட்டு வேணும்னேதான். பட்டுத்துணி, வாட்டர்கலர் படம், பழைய சாயம் இதெல்லாம் வெளிச்சம் பட்டா வெளுத்துரும், வெளுத்தது வெளுத்ததுதான், திரும்ப வராது. ரொம்ப நுணுக்கமான சாமான் இருக்கற ரூம்ல 50 லக்ஸ் (வெளிச்சத்த அளக்கற அளவு) அளவுக்குத்தான் வெளிச்சம் விடறது வழக்கம், அதுக்குத்தான் ஜன்னல் திரையெல்லாம் இறக்கி விட்டிருக்கறது. வெயில்லேர்ந்து திடுதிப்புன்னு உள்ள நுழைஞ்சா ஒண்ணும் தெரியாது, ரெண்டு நிமிஷம் வாசல்கிட்டயே நில்லுங்க, கண்ணு பழகட்டும், அப்புறம் பாருங்க மேல கூரையில இருக்கற பூ வேலை கூட தெரியும். முதுகுப் பைய முன்னாடி மாட்டச் சொல்றதும் அதே கதைதான், நீங்க திரும்பும்போது பை போய் பீங்கான் ஜாடிய தட்டிரும்.

அந்த வயசானவங்க காவல்காரங்க இல்ல, வாலன்டியர்ஸ், பெரும்பாலும் ரிட்டயர் ஆனவங்க, சம்பளம் கிடையாது. யாராவது வந்து பேச மாட்டாங்களான்னு ஏங்கிட்டு உக்காந்திருப்பாங்க, நாமதான் ஏதோ பரீட்சை ஹால்ல சூப்பர்வைசரப் பாத்த மாதிரி தலையக் குனிஞ்சுட்டு நைசா தாண்டிப் போறோம். அடுத்த தடவ "இந்த ரூம்ல உங்களுக்கு எது ரொம்ப புடிக்கும்?"னு ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. பிள்ளைங்கள விட்டே கேக்கச் சொல்லுங்க, அந்துப்பூச்சிப் புழு எப்படி கம்பளத்த திங்குது, குளிர்காலத்துல வீட்டைப் பூட்டிட்டு பன்றி முடி பிரஷ்ஷால தூசி எப்படி எடுக்கறாங்க, எல்லாம் வரும், போர்டுல எழுதாத சங்கதி எல்லாம் அவங்ககிட்டதான் இருக்கு.

சென்னை அண்ணா நகர் வாசகர்: மகன் பர்மிங்ஹாம்ல இருக்கான், அடுத்த மாசம் வர்றோம். வேல்ஸ்ல டிரஸ்ட் பாத்துக்கற போவிஸ் கோட்டையில திப்பு சுல்தான் சாமான் இருக்காம். கொள்ளையடிச்சுட்டுப் போனத நாமளே டிக்கெட் வாங்கிப் பாக்கணுமா?

ஐயா, இந்தக் கேள்விக்காகவே இந்த வாரம் ரெண்டு பக்கம் கூடுதலா கேட்டு வாங்கியிருக்கேன்.

விஷயம் இதுதான். ராபர்ட் கிளைவ் 1744ல கிளார்க் வேலைக்கு மெட்ராஸ் வந்த பையன், 1751ல ஆற்காடு முற்றுகையில பேரெடுத்தான், 1753ல நம்ம ஜார்ஜ் கோட்டைக்குள்ள இருக்கற செயின்ட் மேரீஸ் சர்ச்லதான் கல்யாணமே. அவனோட மகன் எட்வர்டு கிளைவ் 1798லேர்ந்து 1803 வரைக்கும் மெட்ராஸ் கவர்னர். அந்த சமயத்துலதான், 1799 மே 4ஆம் தேதி, ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு செத்தது. எட்வர்டு கட்டினது போவிஸ் குடும்பத்துப் பொண்ணு ஹென்ரியேட்டாவ, அந்தம்மா 1800ல மகள்கள கூட்டிட்டு ஸ்ரீரங்கப்பட்டணம், தஞ்சாவூர் பக்கமெல்லாம் சுத்திப் பாத்து சாமான் சேத்தாங்க. அப்பன் சேத்தது, மகன் சேத்தது, மருமக சேத்தது எல்லாம் போய்ச் சேந்த இடம்தான் அந்தக் கோட்டை.

திப்புவோட சிம்மாசனத்துல சுத்தி இருந்த சின்ன புலித்தலையில ஒண்ணு அங்க இருக்கு, தங்கத்துல செஞ்சு கல்லு பதிச்சது. ஆனா என்ன கேட்டா அத விட அந்தக் கூடாரத்ததான் பாக்கணும். திப்புவோட கூடாரம், சீட்டித்துணி, ஜாடியில பூச்செடி வெச்ச மாதிரி அச்சு வரிசை வரிசையா. அத கிட்டக்க பாத்தா ராஜா சாமான்ங்கற நினைப்பே போயிரும், நம்ம நாட்டு நெசவுக்காரன், சாயக்காரன் கைதான் தெரியும். அத அந்த வீட்டுல கொஞ்ச காலம் தோட்டத்துல பார்ட்டி வைக்க பந்தலா போட்டிருக்காங்க. யோசிச்சுப் பாருங்க, வேல்ஸ் மழையில!

டிக்கெட் காசு குடுக்கும்போது எனக்கும் கசக்கத்தான் செய்யுது, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா போகாம இருந்தா யாருக்கு நஷ்டம்? போங்க, பாருங்க, "இது எப்படி இங்க வந்துச்சு, திருப்பிக் குடுக்கற பேச்சு இருக்கா"ன்னு அங்க இருக்கறவங்ககிட்டயே நேரா கேளுங்க. 2020ல டிரஸ்ட்டே தன்கிட்ட இருக்கற 93 இடத்துக்கு காலனி ஆட்சியோடயோ அடிமை வியாபாரத்தோடயோ சம்பந்தம் இருக்குன்னு ஒரு ரிப்போர்ட் போட்டுச்சு, அதுக்கு மெம்பர்ஸ்லயே ஒரு கூட்டம் குதிச்சு, சாரிட்டிங்கள கண்காணிக்கற சாரிட்டி கமிஷன் வரைக்கும் புகார் போயி, 2021ல சட்ட மீறல் ஒண்ணும் இல்லன்னு முடிச்சாங்க. டிரஸ்ட் பின்வாங்காம நின்னதுக்கு நான் ஒரு மார்க் போடுவேன், ஆனா ரிப்போர்ட் போடறது வேற, பொருள் திரும்பி வர்றது வேற, அந்தக் கணக்கு இன்னும் பாக்கிதான்.

வேல்ஸ் வரைக்கும் போக முடியாதவங்களுக்கு: லண்டன் பக்கத்துல ஈஷர்ல கிளேர்மாண்ட் தோட்டம், கிளைவ் இந்தியா காசுல வாங்கின எஸ்டேட், வீடு இப்போ ஸ்கூல், தோட்டம் மட்டும் டிரஸ்ட்கிட்ட. டெர்பிஷையர்ல கெடில்ஸ்டன் ஹால்னு கர்சன் பிரபு வீடு, 1903 டெல்லி தர்பார் சமயத்துல அவர் மனைவி போட்ட மயில் கவுன் அந்த வீட்டு சாமான்ல ஒண்ணு. மயில் கண் ஒவ்வொண்ணுலயும் மினுமினுக்கறது கல்லு இல்ல, பொன்வண்டு சிறகு. நம்ம பசங்க தீப்பெட்டியில புடிச்சு வெச்சு விளையாடின அதே பொன்வண்டு.

ஹடர்ஸ்ஃபீல்ட் வாசகர்: வெயில் வந்தா நண்பர்கள் எல்லாம் சேந்து டிரஸ்ட்டோட மார்ஸ்டன் மூர் மேல பார்பிக்யூ போடலாம்னு பிளான். ஒரு தடவ சுட்டுட்டு தூக்கிப் போடற சின்ன டிஸ்போசபிள் அடுப்புத் தட்டுதான், பரவாயில்லையா?

பரவாயில்லவே இல்ல. அங்க தடை இருக்கு, ஃபைன் போடுவாங்க. அந்த மேட்டுநிலம் வெறும் புல்லு இல்லங்க, அடியில பீட்டுன்னு சொல்ற செடி மக்கின மண்ணு, ஆயிரக்கணக்கான வருஷம் சேந்தது, ஒரு தடவ பத்திக்கிச்சுன்னா மேல அணைச்ச மாதிரி இருக்கும், உள்ள புகைஞ்சுட்டே போகும். 2019 ஏப்ரல்ல அதே மார்ஸ்டன் மூர்ல நூத்துக்கணக்கான ஹெக்டேர் எரிஞ்சுது, ஒரு டிஸ்போசபிள் பார்பிக்யூவாலதான்னு சொன்னாங்க. அதுவும் அந்த மாசம் தரையில கூடு கட்டற பறவைங்க முட்டை வெச்சிருக்கற நேரம். வீட்டுலயே புளியோதரை, எலுமிச்சை சாதம் கட்டிட்டு, கூட ரெண்டு டப்பா உருளைக்கிழங்கு வறுவல் எடுத்துட்டு போங்க, எந்தச் சட்டமும் ஒண்ணும் பண்ணாது. கறி திங்கணும்னா பின்னாடி தோட்டத்துல சுடுங்க.

பெல்ஃபாஸ்ட் வாசகி: டிரஸ்ட்டோட ஜயன்ட்ஸ் காஸ்வே கல் தூணுங்களப் பாக்க டிக்கெட் கட்டாயமா? அங்க கல்லு நடுவுல காசு சொருகினா நினைச்சது நடக்குமாமே?

கல்லைப் பாக்க காசு கிடையாது, நடந்து போறவங்களுக்கு வழி திறந்தேதான் இருக்கு. டிக்கெட்டுங்கறது அங்க இருக்கற விசிட்டர் சென்டருக்கும் பார்க்கிங்குக்கும். நிறைய பேர் இது தெரியாமலே குடுத்துட்டு வர்றாங்க. அந்த சென்டர் நல்லாத்தான் இருக்கு, ஆனா மழை இல்லாத நாள்னா நேரா கீழ இறங்கிருவேன் நான்.

காசு சொருகற வேலை மட்டும் வேணாம். ரயில் காவேரிப் பாலத்துல போகும்போது ஜன்னல் வழியா காசு போட்டுப் பழகின கை, தெரியும், ஆனா இங்க அந்தக் காசு உப்புக்காத்துல துருப்பிடிச்சு ஊதி, கல்லை ரெண்டு பக்கமும் நெட்டித் தள்ளுது, கல்லு ஓரம் பொரிஞ்சு விழுது, துருக்கறை வேற வழியுது. எரிமலைக் குழம்பு ஆறி 40,000 தூணு கிட்ட நிக்குது, ஆறு கோடி வருஷத்துக் கல்லு அது. 2025ல ஆளு வெச்சு காசைத் தோண்டி எடுக்கற வேலைய ஆரம்பிச்சு, தயவுசெஞ்சு போடாதீங்கன்னு கெஞ்சினாங்க.

நியூகாசில் வாசகர்: பசங்களுக்கு பஃபின் பறவை காட்டணும். ஃபார்ன் தீவு போலாமா? மெம்பர்னா எல்லாம் ஃப்ரீதானே?

தீவுல இறங்கற கட்டணம்தான் ஃப்ரீ, படகுக்காரருக்கு தனியா குடுக்கணும், அது டிரஸ்ட் படகு இல்ல. சீஹவுசஸ்ங்கற ஊர்லேர்ந்து கிளம்பும். மே மாசத்துலேர்ந்து ஜூலை நடு வரைக்கும் போங்க, ஆகஸ்ட் லீவுக்கு போடலாம்னு இருந்தா பஃபின் எல்லாம் அதுக்குள்ள கடலுக்குக் கிளம்பிரும். காத்து அடிச்சா படகு இல்ல, காலையிலயே போன் பண்ணிக் கேட்டுட்டு கிளம்புங்க. முக்கியமா எல்லாருக்கும் ஒரு தொப்பி, கொஞ்சம் கனமா. ஆர்க்டிக் டெர்ன்னு ஒரு பறவை நடைபாதை ஓரத்துலயே கூடு கட்டி வெச்சுட்டு, போற வர்றவங்க உச்சந்தலையில நச்சுன்னு கொத்தும், பெரியவங்க சின்னவங்கன்னு பாக்காது. பழைய தொப்பியாவே எடுத்துட்டு போங்க, மேலேர்ந்து வேற சில பிரசாதமும் விழும்.