சிபிலிஸ் ஒருமுறை வந்தால் மறுபடி வராதா, தடுப்பூசி இருக்கிறதா?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "போன வருடம் சிபிலிஸ் வந்து, ஊசி போட்டுச் சரியாகிவிட்டது. அம்மை மாதிரி இதுவும் ஒருமுறை வந்தால் திரும்ப வராதுதானே? வருமென்றால், தடுப்பூசி ஏதாவது போட்டுக்கொள்ளலாமா?"

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். சிபிலிஸ் உடலுறவில் பரவும் பால்வினை நோய், அது மறுபடி வரும், எத்தனை முறை வேண்டுமானாலும் வரும். தடுப்பூசி எந்த நாட்டிலும் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை, அதனால் "வராமல் இருக்க ஒரு ஊசி" என்று யாராவது காசு கேட்டால் நடையைக் கட்டுங்கள்.

இந்த இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். ட்ரெபோனிமா பாலிடம் என்கிற அந்தச் சுருள் கிருமியை 1905லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் அதன் வெளிச்சவ்வில் புரதங்கள் மிகமிகக் குறைவு, நம் எதிர்ப்புசக்தி அடையாளம் கண்டு தாக்குவதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. இருக்கிற கொஞ்சத்திலும் டிபிஆர்-கே என்று ஒரு புரதம், தன்னுடைய ஏழு இடங்களை மாற்றிக்கொண்டே இருக்கும். ஒரு வடிவத்துக்கு உடம்பு ஆன்டிபாடி தயாரித்து முடிப்பதற்குள் வேறு வடிவத்தில் இருக்கிற கிருமிகள் தப்பித்துப் பெருகிவிடும். நோய் வந்து போன உடம்பே பாடம் கற்றுக்கொள்ளவில்லை என்றால், தடுப்பூசி எதைக் கற்றுக்கொடுப்பது?

அப்படியென்றால் முடியவே முடியாதா? முடியும் என்று 1973லேயே ஜேம்ஸ் மில்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர் காட்டிவிட்டார். காமா கதிர் பாய்ச்சி முடக்கிய கிருமிகளை முயல்களுக்கு ஊசியாகப் போட்டார், முழுப் பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் எத்தனை ஊசி தெரியுமா? 37 வாரங்களில் 60. மனிதர்களுக்கு யார் போடுவது!

இன்னொரு தொல்லை, இந்தக் கிருமியைச் சாதாரண ஆய்வுக்கூடத் தட்டில் வளர்க்க முடியாது. 1912ல் ஒரு நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து எடுத்த 'நிக்கல்ஸ்' என்ற வகையை, முயலின் விரைக்குள் ஏற்றி ஏற்றித்தான் இத்தனை காலமும் உயிரோடு வைத்திருந்தார்கள். 2018ல்தான் டெக்சாஸில் ஒரு குழு, முயல் செல்களோடு சேர்த்து, ஆக்ஸிஜனை வெகுவாகக் குறைத்து, முயலின் உடம்புக்கு வெளியே தொடர்ச்சியாக வளர்த்துக் காட்டியது. அப்படியும் ஒன்று இரண்டாக 30 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. போதாததற்கு கிருமியின் வெளிச்சவ்வு, ஆய்வுக்காகக் கொஞ்சம் கழுவினாலே பிய்ந்துவிடும். இப்போது கனடாவிலும் அமெரிக்காவிலும் சில குழுக்கள் மரபணு வரிசையை வைத்து, சவ்வுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டுகளைத் தேடியெடுத்து முயல்களில் சோதிக்கிறார்கள். என்னைக் கேட்டால், மலிவான பென்சிலின் நன்றாக வேலை செய்ததுதான் இந்த ஆராய்ச்சியை இத்தனை வருடம் தூங்கவைத்தது.

சரி, நீங்கள் செய்யவேண்டியது என்ன? உங்களுக்குப் போட்டது அநேகமாக பென்சத்தின் பென்சிலினாக இருக்கும். ஆரம்ப நிலையென்றால் 24 லட்சம் யூனிட் ஒரே தடவை, நாள்பட்டதென்றால் வாரம் ஒன்றாக மூன்று வாரம். சிபிலிஸ் கிருமி இன்றுவரை பென்சிலினுக்கு அடங்கித்தான் போகிறது, அசித்ரோமைசினுக்கு அப்படியில்லை, பல இடங்களில் எதிர்ப்பு வந்துவிட்டது, ஆகவே மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

டிபிஹெச்ஏ என்று ஒரு ரத்தச் சோதனை, இந்தக் கிருமிக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடுவது; அது குணமான பிறகும் பெரும்பாலும் ஆயுளுக்கும் பாசிட்டிவ் என்றே காட்டும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கவனிக்கவேண்டியது விடிஆர்எல் அல்லது ஆர்பிஆர் என்கிற வேறு ரத்தச் சோதனைகளில் வரும் எண், அதாவது ரத்தத்தை எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் பாசிட்டிவ் காட்டுகிறது என்ற கணக்கு. சிகிச்சைக்கு முன் 1:32 இருந்தது 1:8க்கோ அதற்குக் கீழோ இறங்கியிருந்தால் மருந்து கேட்டிருக்கிறது. இறங்கிய எண் மறுபடி நான்கு மடங்கு ஏறினால், பெரும்பாலும் புதிதாகத் தொற்றியிருக்கிறது என்றுதான் அர்த்தம். அதனால் பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள், எப்போதும் அதே வகைச் சோதனையையே எடுங்கள், முடிந்தால் அதே லேபில்.

அப்புறம், உங்கள் துணைக்குச் சோதனையும் சிகிச்சையும் ஆனதா? கடிதத்தில் அதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆகவில்லை என்றால் இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள், அவர் கர்ப்பமாக இருந்தால் நாளைக்கே.